ஹெட்லி ஸ்ட்ரிக்லேண்ட், இரண்டாவது வரி

"டஃப் அண்ணன் நெஞ்சுல குத்திக்கிட்டு வந்தாரே பதக்கம், அது அவரோடது இல்லையாம்டீ. செத்துப்போன ஹெட்லியோடதாம்."

கடைக்காரி ட்ரூசில்லா இதைச் சொன்னபோது மெல்வினாவின் பையில் டின் பாலை அடுக்கிக்கொண்டிருந்தாள். கை வேலையை நிறுத்தவில்லை. ஹாக்கின் கோவ் என்ற அந்தக் கடலோர ஊரில் யாரும் புரளி பேசுவதற்காக வேலையை நிறுத்துவதில்லை.

"யாரு சொன்னா?"

"நானா சொல்றேன்? ஹெய்வர்ட் பொண்டாட்டி சொன்னா. அவளுக்கு யாரு சொன்னாங்கன்னு அவளுக்கே தெரியாது. ஊர் மன்றத்துல பதக்கம் வாங்குனவங்க பேரெல்லாம் எழுதிப் பலகை திறந்தாங்கல்ல, எல்லாரும் பதக்கத்தோட வாங்கன்னு ஹெய்வர்ட் சொல்லியிருந்தான். டஃப்பும் போயிருக்காரு. பலகையில அவரு பேரு இல்ல. உடனே ஒருத்தன் போனை எடுத்து இன்டர்நெட்டுல இருக்கற பட்டியலப் பாத்திருக்கான். அதுலயும் ஒரே ஒரு ஹெட்லிதான். கடல்ல போனவன். அப்ப இவரு குத்தியிருக்கறது யாரோடதுன்னு சத்தமாவே கேட்டுட்டானாம்."

"பட்டியல்ல ஹெட்லிதானே இருக்கணும்? டஃப் அண்ணனுக்கும் அதுக்கும் என்னடீ சம்பந்தம்?"

ட்ரூசில்லா இப்போதுதான் கையை நிறுத்தினாள். "டொராண்டோவுலயே முக்கால் ஆயுசு இருந்துட்டு வந்தா இப்படித்தான். டஃப்னு யாராவது புள்ளைக்குப் பேரு வைப்பாங்களா? அது புட்டிங்குடீ. சின்ன வயசுல ஞாயித்துக்கிழமை சாப்பாட்டுல அடுத்தவன் தட்டுல இருக்கற புட்டிங்கையும் வழிச்சுத் தின்னுவாரு, அதான் டஃப். ஞானஸ்நானப் பேரு ஹெட்லி. பெரியப்பன் மவன், சித்தப்பன் மவன் ரெண்டு பேருக்கும் ஒரே தாத்தா பேரு."

மெல்வினா டின் பாலை எடுத்துக்கொள்ளாமலே வெளியே வந்துவிட்டாள்.

அந்தப் பட்டியலிலிருந்து இரண்டாவது ஹெட்லியை நீக்கியது அவள்தான்.

டொராண்டோவில் ஒரு லாரி நிறுவனத்தின் அலுவலகத்தில் சரக்குச் சீட்டுகளைச் சரிபார்ப்பதிலேயே மெல்வினாவின் காலம் போனது. கணவன் இறந்ததும் பிறந்த ஊருக்குத் திரும்பினாள். குளிர்காலம் முழுக்கப் பேச ஆளில்லாத வீடு. வீரதீரப் பதக்கம் பெற்றவர்களின் பட்டியல் ஒன்று இணையத்தில் இருப்பதும், யார் வேண்டுமானாலும் உள்ளே போய்த் திருத்தலாம் என்பதும் தெரியவந்தபோது, அவளுக்கு மறுபடி ஒரு மேசை கிடைத்ததுபோல ஆயிற்று. அது கந்தல்கோலமாகக் கிடந்தது. ஒரு வரியில் தேதி முன்னால், மறு வரியில் பின்னால். ஓரிடத்தில் ஊரின் பெயர், இன்னோரிடத்தில் மாகாணம் மட்டும். பதக்கம் கிடைப்பதற்குள் இறந்துபோனவர்களுக்குப் பக்கத்தில் சிலுவைக் குறி இருக்க வேண்டும். பாதிப் பேருக்கு இல்லை. ஒவ்வொரு வரியாக அவள் ஒழுங்குபடுத்தினாள். யாரும் நன்றி சொல்லவில்லை. ஆனாலும் ஒரு பக்கம் சீரானதும் துவைத்த துணியை மடித்து வைத்த நிம்மதி.

அப்படி வரும்போதுதான் தன் ஊரின் வரிகள் கண்ணில் பட்டன. ஹெட்லி ஸ்ட்ரிக்லேண்ட், ஹாக்கின் கோவ், கவிழ்ந்த படகிலிருந்து மூன்று பேரை மீட்டது, பக்கத்தில் சிலுவை. அதற்குக் கீழே அச்சு அசலாக அதே பெயர், அதே ஊர், அதே நாள். சிலுவை மட்டும் இல்லை. யாரோ இருமுறை ஏற்றிவிட்டார்கள், இரண்டாம் முறை சிலுவையை மறந்துவிட்டார்கள் என்று நினைத்தாள். ஹெட்லி அவளோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். அவன் கடலில் போன செய்தியை டொராண்டோவில் தொலைபேசியில் கேட்டு அழுதிருக்கிறாள். அவளைவிட யாருக்குத் தெரியும்? கீழ் வரியை நீக்கிவிட்டுக் காரணத்தையும் எழுதினாள்: "இரட்டைப் பதிவு. நான் இந்த ஊர்க்காரி. ஹெட்லி ஒருவர்தான்."

அன்று மீட்கப் போன படகில் ஹெட்லியோடு டஃப்பும் இருந்தார் என்பது அவளுக்குத் தெரியும். டஃப்புக்குப் பதக்கம் கிடைத்தது தெரியாது. ஊரில் யாருக்குமே தெரியாது. பதக்கம் அறிவித்த சமயம் அவர் ஆல்பர்ட்டாவில் எண்ணெய்க் கிணற்று வேலையில் இருந்தார். அங்கிருந்தே போய் வாங்கிக்கொண்டு வாய் திறக்காமல் இருந்துவிட்டார். கூடப் போனவன் திரும்பாத நாளுக்குக் கொடுத்த பதக்கத்தை எவன் ஊரைக் கூட்டிக் காட்டுவான்?

வீட்டுக்கு வந்த கையோடு வரியைத் திரும்பச் சேர்த்தாள். தேநீர் ஆறுவதற்குள் அது போய்விட்டிருந்தது. நீக்கியவர் 'சரளைச்சாலை' என்ற புனைபெயரில் அதே பட்டியலைத் திருத்தும் இன்னொருவர். முகம் தெரியாது, எந்த மாகாணம் என்றும் தெரியாது. மரியாதையான மனிதர். அதுதான் இன்னும் கொடுமை.

"அம்மா, தப்பா நினைக்காதீங்க," என்று எழுதியிருந்தார். "அந்த வரிக்கு ஆதாரமாக் குடுத்திருந்த அரசாங்க இணையப் பக்கம் இப்ப திறக்கறதில்ல. உயிரோட இருக்கறவரைப் பத்தி ஆதாரம் இல்லாம ஒரு வரியும் வைக்கக் கூடாதுங்கறது விதி. அதுவும் போக, ஒருத்தர்தான்னு நீங்களே எழுதியிருக்கீங்களே?"

"நான் எழுதினது தப்பு. அவங்க ரெண்டு பேரு."

"இருக்கலாம். ஆனா போன வாரம் ஒரு செய்தித்தளத்துல உங்க ஊர்ப் பலகையோட படம் வந்திருக்கு. அதுலயும் ஒரு ஹெட்லிதான். உங்க ஊர்க்காரங்களே எழுதின பலகை. நான் எதை நம்பறது, சொல்லுங்க?"

மெல்வினா கோட்டை மாட்டிக்கொண்டு மன்றத் தலைவர் ஹெய்வர்ட் வீட்டுக்கு நடந்தாள். அவன் கொட்டகையில் பனிவண்டியின் கீழே படுத்துக்கிடந்தான்.

"பலகைக்குப் பேரெல்லாம் எங்கேருந்துடா எடுத்த?"

"பட்டியல்லருந்துதான். நீங்கதானக்கா அதை நல்லா வச்சிருக்கீங்கன்னு ஊரே சொல்லுது. அப்படியே பாத்து எழுதச் சொன்னேன்."

"அதுல நான் தப்பு பண்ணிட்டேன். டஃப் அண்ணன் வரிய நான்தான் தூக்கினேன்."

ஹெய்வர்ட் வெளியே ஊர்ந்து வந்தான். எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டே அவளைப் பார்த்தான். "அப்ப திரும்பப் போடுங்க. நீங்க போட்டதும் நானே ஏணி வச்சுப் பலகையில எழுதறேன்."

"போட விட மாட்டேங்கறாங்க. உன் பலகையத்தான் ஆதாரம்னு காட்டறாங்க."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டான். "நல்ல கூத்துக்கா. உங்களப் பாத்து நான் எழுதுனேன், என்னப் பாத்து அவங்க எழுதறாங்க. நடுவுல மனுசன் எங்க போவான்?"

"பதக்கத்துக்குப் பின்னால பேரு இருக்குமே?"

"இருக்கு. எங்கிட்டதான் இருக்கு. அன்னைக்கு மன்றத்துல அந்த ஆளு கேட்டதும் அண்ணன் ஒரு வார்த்தை பேசல. கழட்டி மேசை மேல வச்சாரு, பாதி பீரை அப்படியே விட்டுட்டுப் போயிட்டாரு. திருப்பிப் பாத்தேன். ஹெட்லி ஸ்ட்ரிக்லேண்ட்னு இருக்கு. எந்த ஹெட்லின்னு அது சொல்லுமா? செத்தவனோடத அவங்கம்மா தன்கூடவே சவப்பெட்டியில வைக்கச் சொன்னாங்கன்னு ஒரு பேச்சு. பூமியத் தோண்டிக் கேக்கவா?"

"அவரு ஏன்டா வாதாடல?"

"அதத்தான் ஜனங்களும் கேக்கறாங்க. நியாயம் இருந்தா பேசியிருப்பாருங்கறாங்க."

ஏன் பேசவில்லை என்று மெல்வினாவுக்குப் புரிந்தது. இத்தனை வருஷமாக அந்த மனிதர் தனக்குள்ளே கேட்டுக்கொண்டிருந்ததைத்தான் மன்றத்தில் ஒருவன் வாய்விட்டுக் கேட்டிருக்கிறான். கடலில் பிடித்திருந்த ஹெட்லியின் கையை நழுவவிட்டவருக்கு அது யாருடைய பதக்கம்? பதில் அவரிடமே இருந்திருக்காது. எல்லோரும் பார்க்கும் இடத்தில் பதிலை எழுதி வைத்தவள் அவள்; ஒருவர்தான் என்று.

அரசு அலுவலகத்துக்கு எழுதினாள். வரிசைப்படி பதில் வரும் என்று இயந்திரம் பதில் அனுப்பியது. அந்தக் காலத்து வாரப் பத்திரிகை என்றோ மூடிவிட்டது. அவளுடைய பட்டியலை அப்படியே நகலெடுத்துப் போடும் பக்கங்கள் இணையத்தில் எத்தனையோ. தேடினால் எல்லாவற்றிலும் ஒரே ஹெட்லி, பக்கத்தில் சிலுவை. தேதியும் ஊரும் குறியும் அவள் ஒழுங்குபடுத்தியபடியே, ஒரு பிசிறில்லாமல்.

சரளைச்சாலை மறுபடியும் எழுதினார்: "பதக்கத்தோட அவருக்கு ஒரு கடிதம் வந்திருக்கும். அதோட படத்த அனுப்பினா நான் உங்க பக்கம் பேசறேன். ஆனா அத அவரேதான் குடுக்கணும்."

அவரேதான் கொடுக்க வேண்டும். அதற்கு முன்னால் அவள் சொல்லியாக வேண்டும். பாத்திரம் கழுவினாள், கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினாள். பிறகு சமையலறை ஜன்னலுக்கு வந்தாள். கடல் குடாவின் அந்தப் பக்கம் டஃப்பின் பச்சை வீடு. வாசலில் அவருடைய வண்டி நின்றது. அதன்மேல் விழுந்த பனியை யாரும் தட்டவில்லை. பக்கத்து வீடுகளிலெல்லாம் விறகுப் புகை எழுந்தது. அந்தப் புகைபோக்கியில் இல்லை. விறகை மிச்சம் பிடிக்கிறாரோ, மகள் வீட்டுக்குப் போயிருப்பாரோ என்று நினைத்துப் பார்த்தாள். டஃப்புக்கு மகள் கிடையாது.

தொலைபேசியில் டஃப்பின் எண்ணை அழுத்தினாள். முதல் வாக்கியத்தை மனசுக்குள் ஒத்திகை பார்த்தாள்: "அண்ணே, மெல்வினா பேசறேன், வச்சுடாதீங்க, நான்தான் பண்ணேன்." இந்த ஊரில் அழைப்பைப் பதிவு செய்யும் இயந்திரம் அவரிடம் மட்டும்தான் இல்லை, எடுக்கும்வரை மணி அடித்துக்கொண்டே இருக்கும்.

மணி அடித்தது. அந்த வீட்டுச் சமையலறைச் சுவரில், வாசலுக்குப் பக்கத்தில் தொலைபேசி மாட்டியிருப்பது அவளுக்குத் தெரியும். காதில் வைத்தபடியே ஜன்னல் கண்ணாடியில் படிந்த மூச்சை உள்ளங்கையால் துடைத்தாள். திரைச்சீலை அசைகிறதா என்று பார்த்தாள். மணி அடித்துக்கொண்டிருந்தது.