கொழுந்து மாடியில் பூட்டிய பந்துவீச்சாளர்

ஐம்பதுகளின் நடுப்பகுதி. கொட்டகலைக்கு மேலே இருந்த ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் உதவி டீமேக்கர். பறித்து வந்த கொழுந்தை வாட்டி, அரைத்து, தூளாக்கி அனுப்பும்வரை தொழிற்சாலையைப் பார்த்துக்கொள்ளும் வேலை. தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். எனக்கு வயது இருபத்தெட்டு. கல்யாணம் ஆகவில்லை, கிரிக்கெட் பைத்தியம் மட்டும் நன்றாகப் பிடித்திருந்தது.

தோட்டத்து உத்தியோகத்தர்கள் சேர்ந்து ஓர் அணி வைத்திருந்தோம். கிளாக்கர், மருந்துக்காரர், பள்ளிக்கூட மாஸ்டர் என்று ஆளுக்கொரு தொப்பை. மட்டை என்னுடையது என்பதால் நான்தான் கேப்டன். மைதானம் மலையை வெட்டிச் சமன் செய்த ஒரு துண்டு நிலம். ஓங்கி அடித்தால் பந்து தேயிலைக்குள் விழுந்து கீழ் மலைவரை உருண்டுவிடும். விளையாடிய நேரத்தைவிடப் பந்து தேடிய நேரம்தான் அதிகம்.

ஒரு நாள் பின்னேரம் அப்படிப் பந்து கீழே போனது. அன்றைய கவ்வாத்தை முடித்துவிட்டு, செடி வெட்டும் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்த ஓர் ஆள் பந்தை இடது கையால் எடுத்து மேலே வீசினார். அது என் முன்னால் விழுந்தது, சட்டென்று பக்கவாட்டில் திரும்பியது, என்னைத் தாண்டிப் போய்விட்டது. தற்செயல் என்று நினைத்துத் திருப்பிப் போட்டேன். மறுபடியும் அதே திருப்பம். நாள் முழுக்கக் கத்தி பிடித்த மணிக்கட்டு, கேட்க வேண்டுமா! மட்டையும் பந்தும் கையில் தொட்டு அறியாத அந்த மனிதர், நான் பள்ளிக்கூடத்தில் ஏழு வருடம் கற்றும் வராத வித்தையைப் பந்து பொறுக்கிப் போட்டபோதே செய்துவிட்டார்.

தோட்டத்தை நடத்திய பெரிய துரைக்கும் கிரிக்கெட் பைத்தியம் இருந்தது என் அதிர்ஷ்டம். தொழிலாளி ஒருவரை உத்தியோகத்தர் அணியில் சேர்க்கச் சம்மதித்தார். அதன்பிறகு, பந்து குத்தும் இடத்தில் தென்னைநார்ப் பாய் விரித்த எந்த மைதானத்திலும் அவரை எதிர்த்து நின்றவர்கள் பாவம். பக்கத்துத் தோட்டத்துச் சின்னத் துரை ஒருவர், முதல் பந்திலேயே ஆட்டமிழந்தபின் பாயைத் தூக்கி அடியில் கல் கிடக்கிறதா என்று பார்த்தார்.

இப்போது எழுதும்போது 'அவர்' என்று வருகிறது. அந்த நாளில் 'அவன்', 'டா' தான். உத்தியோகத்தர்களான எங்களுக்கு அது தப்பாகவே தெரிந்ததில்லை.

ஆளுக்கு ஒரே ஒரு கோளாறு, குடி. சனிக்கிழமை வேலை விட்டால் கடைவீதிக்கு இறங்குவார். ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு வந்தாலும் வருவார், வராமலும் இருப்பார். ஒருமுறை எல்லைக்கோட்டருகே நிறுத்தியிருந்தேன். பந்து அந்தப் பக்கம் போனது, ஆளைக் காணவில்லை. தேயிலைச் செடிக்குள் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். இன்னொரு முறை அம்பயரிடம் போட்ட சண்டையில் அம்பயரே வீட்டுக்குப் போய்விட்டார். திட்டினால் தலையைச் சொறிவார். "இனிமே இல்லீங்கய்யா" என்பார். அடுத்த சனிக்கிழமை மறுபடியும் அதே கதைதான்.

இந்த நிலையில் கொழும்பிலிருந்து ஒரு கனவான் வருவதாகச் செய்தி வந்தது. பெரிய துரையின் நண்பர். ஒரு பெரிய கம்பெனியின் கிரிக்கெட் அணியைக் கவனிப்பவர். ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஆட்டத்தில் எங்கள் இடது கைக்காரரைப் பந்து போடவைத்துப் பார்த்துவிட்டு, கையோடு கொழும்புக்கு அழைத்துப் போவது என்று பேச்சு. கம்பெனியில் வேலை, தங்க இடம், கொழும்பு அணியில் ஆட்டம். தொழிலாளர் வரிசைவீடான லயத்து அறையிலிருந்து நேரே கொழும்பு மைதானம்! துரை என்னைக் கூப்பிட்டு ஒரே வார்த்தைதான் சொன்னார். ஆளை நிதானத்தோடு கொண்டுவந்து நிறுத்துவது என் பொறுப்பு.

வாரம் முழுக்க மண்டையைக் குடைந்துகொண்டேன். சனிக்கிழமைதான் எமன். அந்த ஒரு பின்னேரத்தைத் தாண்டிவிட்டால் போதும் என்று யோசித்து, கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தேன். அதை நினைத்து எனக்கு அப்போது இருந்த பெருமை இருக்கிறதே, சொல்லி மாளாது.

அது பனிக்காலம், கொழுந்து குறைவு. ஸ்டோரில் கொழுந்து வாட்டும் மாடிகளில் ஆக மேலே இருந்தது காலியாகக் கிடந்தது. அங்கே ஒரு மூலையில் இரண்டு கம்பளி, ரொட்டி, சம்பல், ஒரு கேத்தல் நிறையத் தேத்தண்ணி எல்லாம் முன்கூட்டியே கொண்டுபோய் வைத்தேன். சனிக்கிழமை பகல் அவரை வரச் சொன்னேன். கொழுந்து பரப்பும் சாக்குத் தட்டுகள் கிழிந்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும் என்று பொய் சொன்னேன்.

வந்தவர் குளித்து, எண்ணெய் தேய்த்துத் தலைவாரி, வெளுத்த சட்டை போட்டிருந்தார். கையில் காகிதத்தில் சுற்றிய ஒரு பொட்டலம். என்னடா என்று கேட்டேன். "சும்மாங்க" என்றார். படியேறும்போது இரண்டு தரம் சொன்னார்: "சுருக்கா முடிச்சிரலாங்களா ஐயா? பஸ்ஸுக்குப் போகணும்."

குடிக்கப் போகிறவனுக்கு என்ன அலங்காரம் வேண்டியிருக்கிறது என்று நான் மனதுக்குள் சிரித்துக்கொண்டேன். அவர் உள்ளே போய்த் தட்டுகளைத் தடவிப் பார்க்க ஆரம்பித்ததும் வெளியே வந்து கதவை இழுத்துக் கொண்டி போட்டேன். "நாளைக்குக் காலையில தொறக்குறேன். எல்லாம் ஒன் நல்லதுக்குத்தான்டா" என்று கத்திவிட்டு இறங்கினேன். கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. ஏதோ சொல்லிக் கூப்பிட்டார். கீழே விசிறிகளை ஓடவிட்டதும் அந்த இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கக்கூடாது என்றுதான் ஓடவிட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன். மாடிக் கங்காணியிடம் நான் சொல்லாமல் கதவைத் திறக்கக்கூடாது என்று கட்டளை போட்டுவிட்டுப் போனேன்.

காலையில் கதவைத் திறந்தபோது அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ரொட்டியைத் தொடவில்லை. கோபப்படுவார், அடிக்கக்கூட வருவார் என்று எதிர்பார்த்துப் போயிருந்தேன். அவர் பொட்டலத்தைப் பிரித்துக் காட்டினார். பூப்போட்ட ஒரு சின்னக் கவுன்.

"போத்தல்னு நெனச்சீங்களாய்யா?" என்றார்.

அவருடைய மனைவி பிள்ளைப்பேற்றுக்குப் பூண்டுலோயாப் பக்கம் தாய் வீட்டுக்குப் போயிருக்கிறார் என்று மட்டும்தான் எனக்குத் தெரியும். பிள்ளை பிறந்து ஆறு மாதம் ஆகியும் திரும்பி வரவில்லை என்பதை நான் கவனிக்கவில்லை. அவர் குடியைப் பார்த்துப் பெண் வீட்டார் அனுப்ப மறுத்திருக்கிறார்கள். நாலு பேர் பேசி, கடைசியில் அந்தத் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் முன்னால் பஞ்சாயத்து வைத்தார்கள். அந்தச் சனிக்கிழமை பின்னேரம் குடிக்காமல், சொன்ன நேரத்துக்கு வந்து நின்றால் பிள்ளையையும் தாயையும் அனுப்புவது, வராவிட்டால் பேச்சு முடிந்தது. மூன்று வாரமாக அவர் ஒரு சொட்டுத் தொடவில்லையாம். அதையும் நான் கவனிக்கவில்லை.

"இதை ஏன்டா முன்னாடியே சொல்லல?"

"வூட்டுச் சங்கதிய ஐயாகிட்ட எப்படிங்க சொல்றது? பொறவு, கதவத் தட்டித் தட்டிச் சொன்னேன். நீங்க எறங்கிப் போயிட்டீங்க."

அப்போதும் என் வாயில் வந்தது என்ன தெரியுமா? "மேட்ச் பத்து மணிக்குடா." இத்தனை வருடம் கழித்து எழுதும்போதும் கூசுகிறது. அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். கவுனைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு படியிறங்கி, பஸ் ரோட்டுப் பக்கம் நடந்தார்.

கொழும்புக் கனவான் சரியாகப் பத்து மணிக்கு வந்தார். நல்ல மனிதர். வந்ததும் "உங்கள் இடது கைக்காரர் எங்கே?" என்றுதான் கேட்டார். துரை என்னைப் பார்த்தார். நான் முந்துவதற்குள் கிளாக்கர், நேற்று சனிக்கிழமை அல்லவா என்று சொல்லிக் கட்டைவிரலை வாய்க்கு நேரே சாய்த்துக் காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். கனவான் மட்டும் சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பி, அதுதான் காரணமா என்று கேட்டார்.

தொழிலாளி ஒருவரை நான் பூட்டி வைத்தேன் என்று தெரிந்தால் சங்கம் சும்மா விடாது, துரையும் என்னை வைத்திருக்க மாட்டார். அது ஒரு நொடியில் மனதில் ஓடியது. "தெரியவில்லை, சேர்" என்றேன்.

நாங்கள் படுதோல்வி அடைந்தோம். கனவான் பின்னேர ரயிலில் தனியாகப் போனார்.

திங்கட்கிழமை காலை பெரட்டில், வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்தில், அவர் கத்தியோடு நின்றார். என்னிடம் ஒன்றும் பேசவில்லை, என்னைப் பற்றி யாரிடமும் பேசவும் இல்லை. நடந்ததை மாடிக் கங்காணிதான் இரண்டு நாள் கழித்துச் சொன்னார். பூண்டுலோயாவில் ஒருவரும் நம்பவில்லை. "ஸ்டோர் மாடியில வெச்சுப் பூட்டிட்டாங்களாம், அதுவும் பந்து வெளையாடுறதுக்கு! குடிகாரன் சொல்ற கதையப் பாரு" என்று சிரித்து அனுப்பிவிட்டார்களாம். அடுத்த மாதம் அவர் மனைவியின் அண்ணன் இந்தியாவுக்குப் போகிறார், தங்கையையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போகிறாராம். கடல் தாண்டிப் போனால் யார் போய் எப்போது பார்ப்பது?

அவர் சொன்னது உண்மை என்று சொல்ல உலகத்தில் நான் ஒருவன்தான் இருந்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அவருடைய லயத்துக்குப் போய்க் கதவைத் தட்டினேன். உத்தியோகத்தர் லயத்துக்குப் போய்க் கதவு தட்டுவது அந்த நாளில் வழக்கமில்லை. முழு லயமும் வாசலுக்கு வந்து பார்த்தது. "பூண்டுலோயாவுக்குப் போவோம், வா" என்றேன்.

தலவாக்கலையில் பஸ் மாறிப் போய்ச் சேர மத்தியானமாகிவிட்டது. அங்கே வாசலில் வாங்கு போட்டு, கம்பளி மடித்து விரித்து என்னை உட்காரச் சொன்னார்கள். நான் உட்காரவில்லை. தலைவர், மாமனார், அண்ணன் எல்லோரும் வந்ததும், நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். ரொட்டி, சம்பல் வைத்ததைச் சொன்னபோது யாரோ சிரித்தார்கள்.

தலைவர் கேட்டார்: "ஐயா, இதைச் சங்கத்துல எழுதிப் போட்டா ஒங்க வேல போயிரும். தெரிஞ்சுதான் வந்தீங்களா?"

"தெரிஞ்சுதான் வந்தேன். எழுதுறதுன்னா எழுதுங்க. இவன்… இவரு குடிக்கல."

அப்போது அறைக்குள்ளிருந்து பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்தப் பெண் வாசலுக்கு வந்தார். என்னை நேராகப் பார்த்துச் சொன்னார்: "இவரு குடிச்சுப்புட்டு வந்த நாள்ல நானும் எத்தனையோ தடவ கொண்டி போட்டுருக்கேங்க. ஆனா, என்ன ஏதுன்னு கேட்டுட்டுத்தான் போடுவேன்."

துரையின் முன்னால்கூட நான் அப்படித் தலை குனிந்ததில்லை. தலைவர் முதலில் சிரித்தார், பிறகு மாமனாரும் சிரித்தார். பின்னேர பஸ்ஸில் நாங்கள் நாலு பேராகத் திரும்பினோம். நாலாவது ஆள் பூப்போட்ட கவுனில் இருந்தாள். கவுன் கொஞ்சம் பெரிது. தலைவர் கடைசிவரை எதையும் எழுதிப் போடவில்லை.

அவர் அதோடு குடியை அடியோடு விட்டுவிட்டார் என்று எழுத ஆசைதான், ஆனால் அது பொய். நடுநடுவே சறுக்கினார். நான் சனிக்கிழமைகளில் அவர் வாசலில் நின்று "நாளைக்கு வர முடியுமா?" என்று கேட்பதோடு சரி. "முடியாதுங்க" என்றால் திரும்பி வந்துவிடுவேன். அவர் இல்லாமல் நாங்கள் தோற்ற ஆட்டங்கள் நிறைய. அவர் வந்த நாளில் பாயில் பந்து திரும்பிய அழகை இன்றைக்கும் கண்ணை மூடினால் பார்க்க முடிகிறது.

பூண்டுலோயாவிலிருந்து வந்த வாரமே கொழும்புக் கனவானுக்கு உண்மையை எழுதினேன். இரண்டு வரியில் மரியாதையான பதில் வந்தது. அந்த இடத்துக்கு வேறு ஆள் எடுத்தாகிவிட்டது. கடிதத்தை நான் அவரிடம் காட்டவில்லை.

சில வருடங்களில் எனக்கு வேறு தோட்டத்துக்கு மாற்றல் வந்தது. அவர் என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கொட்டகலை ஸ்டேஷன்வரை வந்தார். நான் அந்தக் கொழும்பு விஷயத்தை மெல்ல எடுத்தேன். அவர்தான் எனக்கு ஆறுதல் சொன்னார்: "அத விடுங்கய்யா. அன்னைக்கு நான் வந்திருந்தாலும் எடுத்திருக்க மாட்டாங்க. கொழும்புக்காரங்களுக்கு நம்ம தோட்டத்துப் பந்து எங்க புடிக்கப் போவுது?"

இல்லை, அவர்கள் இடத்தைத் தயாராக வைத்துக்கொண்டு வந்திருந்தார்கள், அந்த மனிதர் கேட்டபோது நான் ஒரு வார்த்தை உண்மை பேசியிருந்தால் அடுத்த ரயிலில் நீங்கள் போயிருப்பீர்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ரயில் வந்துவிட்டது. வந்துவிட்டது என்று சாக்குச் சொல்கிறேன், உண்மையில் அது ஐந்து நிமிடம் நின்றது. கதவைப் பூட்டியதற்கு ஊர் கூடிய இடத்தில் மன்னிப்புக் கேட்டேன், அவர்கள் பெரிய மனதோடு கொடுத்தார்கள்; மைதானத்தில் சொன்ன அந்தத் "தெரியவில்லை"க்கு மட்டும் அவரிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு இன்றுவரை தைரியம் வரவில்லை.