பாய்லரை அறுத்த நாள்

ஜார்ஜ்டவுனில் ஒரு ஹோட்டலில் நான் பாய்லர்காரன். டீசலை எரித்து, விருந்தாளிகள் குளிக்கவும் துணி வெளுக்கவும் வெந்நீர் கொடுக்கும் இயந்திரம் அது. தினமும் அக்கரையில் இருக்கும் பாகான் டாலாமிலிருந்து பெரிப் படகு ஏறிப் போய், சூடம் காட்டிவிட்டுத்தான் பற்றவைப்பேன். எனக்குத் தெரிந்த தொழில் அது ஒன்றுதான். சாமி கொடுத்த பிழைப்பு.

போன வருஷம் ஹோட்டல் கார்பார்க்கில் ஆழமாகத் துளை போட்டார்கள். மண்ணுக்குள் இருக்கிற சூட்டைக் குழாயில் எடுத்து, பம்பு வைத்து வெந்நீர் ஆக்குவார்களாம். பாதியில் துளை போடும் கருவி பாறையில் மாட்டிக்கொண்டது. வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த தமிழ் இன்ஜினியர் என்னிடம் ஓடி வந்தார்.

"அண்ணே, சீன முதலாளியே கேக்குறாரு. உங்க சாமிய கொஞ்சம் கூப்பிடுங்கலா."

குளித்துவிட்டு வந்தேன். துளைக் கருவியைச் சுமந்து நின்ற லாரியின் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து, தேங்காய் உடைத்து, மண்ணைத் தொட்டு மனசார வேண்டிக்கொண்டேன். சாயங்காலத்துக்குள் பாறை விட்டுக்கொடுத்தது. எல்லாரும் கை தட்டினார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பிறகுதான் அந்த இன்ஜினியர் விவரம் சொன்னார்.

"கார்பன் கிரெடிட்டுக்கு மனு போட்டிருக்கோம்ணே. நாம குறைக்கிற புகைக்கு வெளிநாட்டுக் கம்பெனி காசு கொடுக்கும்."

"நல்லதுதானே தம்பி."

"ஆனா பழைய பாய்லர் இருக்கக்கூடாது. மறுபடி பத்தவச்சிருவோம்னு கணக்குல சேக்க மாட்டாங்க. அறுத்துப் போட்டாத்தான் கிரெடிட்."

"ஸ்பேருக்குக்கூட வைக்க முடியாதா?"

"முடியாதுண்ணே."

"அப்ப நான்?"

அவர் தலையைச் சொறிந்தார். "பம்பு தானா ஓடும்ணே."

வீட்டில் சொன்னபோது சம்சாரம் அரிசி களைந்துகொண்டிருந்தாள். நிமிரவேயில்லை.

"தன் வேலை போறதுக்குத் தானே தேங்கா உடைச்ச ஆள இப்பத்தான் பாக்குறேன்."

"வேண்டினது நடந்துச்சா இல்லையா?"

"அதான் நடந்துச்சே."

பிறை தொழிற்பேட்டையில் வேலை கேட்டேன், பத்து காவான் தொழிற்பேட்டையிலும் கேட்டேன். வயசைக் கேட்டார்கள், கூப்பிடுகிறோம் என்றார்கள். யாரும் கூப்பிடவில்லை. புகை குறைந்தால் உலகத்துக்கு நல்லதுதான்; நான் மறுக்கவில்லை.

பாய்லரை அறுக்கும் நாளில், கிரெடிட் கொடுப்பவர்கள் சார்பில் சரிபார்க்க ஒரு அம்மாள் கேமராவோடு வந்தார். ஆயுத பூஜைக்கு நான் வைத்த சந்தனமும் குங்குமமும் தகட்டின் மேல் அப்படியே இருந்தன. கூச்சமாக இருந்தது. துடைக்கத் துணி எடுத்தேன்.

இன்ஜினியர் தடுத்தார். "வேணாம்ணே. மனுவோட முன்னாடி அனுப்புன படத்துலயும் அந்தப் பொட்டு இருக்கு. அத வச்சுத்தான் இதே பாய்லர்னு நம்புவாங்க."

துணியை மடித்து வைத்துவிட்டு விலகி நின்றேன். நெருப்புப் பொறி பறக்க ஆரம்பித்தது. "முருகா" என்றேன். அதற்கு மேல் என்ன வேண்டிக்கொள்வது என்று தெரியவில்லை.