சுக்கான் பிடித்தவள்

இங்கே ஆக்லாந்தில் காலையில் யாரைப் பார்த்தாலும் முதலில் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்றுதான் பேசுகிறார்கள். வந்த புதிதில் எனக்கு அது விசித்திரமாக இருந்தது. தாம்பரத்துக்குப் பக்கத்தில் எங்கள் அஸ்தினாபுரத்தில் காற்று ஒரு பேச்சே இல்லை. பம்மல் பக்கமிருந்து தோல் தொழிற்சாலை வாடை வந்தால் ஜன்னலைச் சாத்துவோம், அவ்வளவுதான்.

எனக்கும் என் மனைவி சுமதிக்கும் காற்றைப் பழக்கிவிட்டது ஒரு பழைய பாய்மரப் படகு. எங்கள் இருவரையும்விட வயதில் மூத்தது. பந்தயத்துக்கென்றே கட்டியதால் ஒல்லியாக, உள்ளே கட்டிலோ அடுப்போ இல்லாமல் வெறும் கூடாக இருக்கும். நாலைந்து பேர் சேர்ந்து ஓட்ட வேண்டியதை ஞாயிறுதோறும் நாங்கள் இருவருமே ஓட்டினோம். கயிறுகளை இழுப்பது நான், சுக்கான் அவளிடம். முதல் தடவை படகு சாய்ந்து தண்ணீர் விளிம்பைத் தொட்டபோது நான் கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அவள் அசையவில்லை.

"மாடம்பாக்கத்துலேர்ந்து தாம்பரத்துக்குத் தண்ணி லாரிங்களுக்கு நடுவுல வண்டி ஓட்டினவ நான். இது என்ன பண்ணிடும்?" என்றாள்.

போன வருடம் அவளுடைய அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. மூன்று வாரத்தில் வந்துவிடுவதாகச் சொல்லிப் போனவள் ஐந்து மாதமாகியும் திரும்பவில்லை. அழைத்து வரலாம் என்று நானே கிளம்பினேன். மாடம்பாக்கத்து வீட்டில் ஒரு மத்தியானம், அப்பாவுக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"நான் வரலைங்க. அப்பாவுக்காகன்னு நெனச்சுக்காதீங்க. அங்க ஞாயித்துக்கிழமை மட்டும்தான் நான் சந்தோஷமா இருந்தேன். மீதி ஆறு நாள் கதவைச் சாத்திட்டு, நீங்க வர்ற வரைக்கும் ஒரு வார்த்தை பேச ஆளில்லாம..." கஞ்சியை ஒருமுறை கிளறிவிட்டு, "நீங்க இங்கயே வந்துடுங்களேன்" என்றாள்.

"அப்ப போட்டை என்ன பண்றது?" என்று கேட்டேன்.

வேலையைச் சொல்லியிருக்கலாம், வீட்டைச் சொல்லியிருக்கலாம். யோசித்துச் சொல்கிறேன் என்றாவது சொல்லியிருக்கலாம். வாயில் வந்தது அதுதான். சுமதி சண்டை போடவில்லை. லேசாகச் சிரித்துவிட்டுக் கஞ்சிக் கிண்ணத்தோடு உள்ளே போனாள். அந்தச் சிரிப்புக்குப் பிறகு அங்கே இருந்த நான்கு நாட்களும் விருந்தாளிக்குப் பரிமாறுவதுபோல எனக்குப் பரிமாறினாள்.

திரும்பி வந்த வாரம் படகுத்துறைக்குப் போனேன். பக்கத்துப் படகுக்காரர் பிரையன், எழுபது வயதுக்காரர், "உங்கள் கேப்டன் எங்கே?" என்று கேட்டார். சுமதியை அவர் அப்படித்தான் கூப்பிடுவார். "ஷீ ஹேஸ் கான் ஹோம்" என்றேன். ஊருக்குப் போய்விட்டாள் என்ற பொருளில்தான் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றினார். இரண்டு கைகளாலும் என் கையைப் பிடித்துக்கொண்டார். கண்கள் கலங்கியிருந்தன. இறந்தவர்களைப் பற்றியும் இங்கே அப்படிச் சொல்வார்கள் என்று அப்போதுதான் உறைத்தது.

அவள் உயிரோடிருக்கிறாள் என்று சொல்ல எனக்கு ஒரு நிமிடம் போதும். சொன்னால், ஏன் வரவில்லை என்று அடுத்துக் கேட்பார். அதோடு, அவள் போனதற்காக என் கையைப் பிடித்த முதல் ஆள் அவர். நான் பேசாமல் நின்றேன். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் பிரையன் தன் படகை விட்டுவிட்டு எனக்குத் துணையாக வருகிறார்.

போன ஞாயிறு நல்ல காற்று. சுக்கானைப் பிடித்திருந்த பிரையன், "உங்கள் கேப்டனுக்கு இன்றைய காற்று ரொம்பப் பிடித்திருக்கும்" என்றார். நான் தலையாட்டினேன். அப்போது சட்டைப்பைக்குள் போன் அதிர்ந்தது. சுமதி அனுப்பியிருந்தாள்: 'அப்பா இன்னைக்கு வாசல் வரைக்கும் நடந்தார்.' ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, 'சந்தோஷம். நீ சாப்பிட்டியா?' என்று பதில் போட்டேன்.

"யார்?" என்றார் பிரையன்.

"ஊரிலிருந்து" என்றேன்.

அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. அவளுடைய பதிலுக்காகத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த என் தோளை, இறந்துபோன என் மனைவிக்காக மெதுவாகத் தட்டிக்கொடுத்தார்.