பாரம் இல்லாத சைக்கிள்

ஆரணியில் சம்பந்தத்தைத் தெரியாதவர்கள் இருக்கலாம். அவருடைய சைக்கிளைத் தெரியாதவர்கள் கிடையாது. தறியில் ஏற்ற வேண்டிய பாவு நூலையும் ஊடை நூலையும் முதலாளி வீட்டில் வாங்கி, மூட்டையாகக் கேரியரில் கட்டிக்கொண்டு காலையில் நெசவாளர்கள் இருக்கும் முள்ளிப்பட்டுக்குக் கிளம்புவார். சாயங்காலம் நெய்து முடித்த பட்டுப் புடவைகளைக் கட்டிக்கொண்டு திரும்புவார். ஞாயிற்றுக்கிழமை மூட்டை இருக்காது. அந்த இடத்தில் மனைவி குணசுந்தரி உட்கார்ந்திருப்பாள். எந்தச் சேற்றிலும் ஒரு புடவை கறைபட்டதில்லை, ஒரு நாளும் அவர் விழுந்ததில்லை. இதெல்லாம் அவரே சொல்லித்தான் ஊருக்குத் தெரியும். கேட்காதவர்களுக்கும் சொல்வார்.

குணசுந்தரிக்கு இந்தப் பெருமையில் பங்கு வேண்டாம், ஒரு ஸ்கூட்டி போதும். கேரியர் கம்பி இடுப்பைப் பதம் பார்க்கும். கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தால் முன்னாலிருந்து அதட்டல் வரும்: “அசையாம உக்காரு.”

“ஊரே ஸ்கூட்டில போய்கினு இருக்குது. நான் மட்டும் புடவ மூட்டையாட்டம் குந்திகினு வரேன்” என்பாள். சம்பந்தத்துக்கு அப்போது மட்டும் காது கேட்காது.

மகள் கலைமகளுக்கு வேலூரில் ஆபீஸ் வேலை. ஆபீஸ்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு சைக்கிள் ஓட்டப் போகிறார்களாம். கண்ணமங்கலத்தைத் தாண்டி, மலையடிவாரக் காட்டுக்குள். “நீயும் வாப்பா. எங்கப்பா விழுந்ததே இல்லன்னு எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கேன். புதுசா கத்துக்கறவங்களுக்குன்னே போட்ட பாதை, பயமே இல்ல.”

பயம் என்ற சொல்லைவிட ‘புதுசா’ என்ற சொல்தான் அவரைக் குத்தியது. “எனக்கு நடைவண்டி ஓட்டக் காட்றியா? அந்தப் பாதையில ஒரே ஒரு தரம் நான் கால் ஊனினேன்னா, மறுநாளே உங்கம்மாவுக்கு ஸ்கூட்டி. என் சைக்கிள் காயலாங்கடைக்கு.”

குணசுந்தரி சுவரில் இருந்த முருகன் படத்தைப் பார்த்து, “கேட்டுக்கினியா?” என்றாள். பிறகு மகளிடம், “நானும் வரேன். எனக்கும் சேத்து டிபன் சொல்லிடு” என்றாள்.

காட்டின் முகப்பில் வரிசையாகச் சைக்கிள்கள் நின்றன. கொழுத்த டயர், வளைத்துப் போட்ட ஹேண்டில்பார். அவற்றைப் பார்த்துக்கொள்பவன் வீரன், அடிவாரத்துக் கிராமத்துக்காரன். சம்பந்தம் தனக்குக் கொடுத்த வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார். ஸ்டாண்டு இல்லை, கேரியர் இல்லை.

“இன்னாபா இது, பெல்லு கூட இல்ல?”

“காட்ல யாருக்குங்க பெல் அடிக்கப் போறீங்க?” என்றான் வீரன்.

சின்னப் பசங்களெல்லாம் முன்னால் போகட்டும், பின்னால் வந்து தாண்டுகிறேன் என்று பெருந்தன்மையாக எல்லாரையும் அனுப்பிவிட்டார். கலைமகளும் போனாள். அதன் பிறகு தன் வழக்கப்படி இடது காலைப் பெடலில் வைத்து, இரண்டு தத்துத் தத்தி, ஏறினார்.

வண்டி அவிழ்த்துவிட்ட கன்றுக்குட்டி மாதிரி துள்ளியது. பின்னால் இழுக்கிற பாரத்துக்கு ஈடுகொடுத்தே பழகிய உடம்பு. இப்போது ஈடுகொடுக்கப் பின்னால் எதுவுமே இல்லை. ஹேண்டில்பார் இந்தப் பக்கம் ஆடியது, அந்தப் பக்கம் ஆடியது. முதல் புளியமரத்தைக்கூடத் தாண்டாமல் அவரை உண்ணிச்செடிப் புதரில் கொண்டுபோய்ச் சேர்த்தது.

வலியைவிட முதலில் வந்தது கணக்கு. கால் ஊனவில்லை; விழுந்தது இடுப்பு. குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பார்கள். சம்பந்தத்துக்கு மீசையிலும் ஒட்டியிருந்தது.

மறுபடி ஏறினார், மறுபக்கம் விழுந்தார். வண்டி கோணல் என்றார். வீரன் அதில் ஏறி ஒரு வட்டம் அடித்துக் காட்டினான்.

“அது இல்லபா” என்று சம்பந்தம் குரலைத் தணித்தார். “பின்னாடி ஒண்ணுமே இல்லியே. வெறும் வண்டிய எப்படி ஓட்டறது?”

வீரனுக்கு இப்படி ஒரு கேள்வி புதிது. அவன் யோசிப்பதற்குள் சம்பந்தம் ஒரு நல்ல பாறாங்கல்லைத் துண்டில் சுற்றி முதுகில் கட்டிக்கொண்டு ஏறினார். கல் ஒரு பக்கம் சரிந்தது. அவரும் சைக்கிளும் மரியாதையாக அதன் பின்னாலேயே போனார்கள்.

இந்த முறை எழுந்திருக்கத் தோன்றவில்லை. அவமானமாக இருந்தது. முப்பது வருஷமாகத் தான் ஓட்டியது சைக்கிளையா, இல்லை மூட்டைதான் தன்னை ஓட்டியதா என்று முதல் தடவையாகச் சந்தேகம் வந்தது. பாதையின் அந்த முனையில் கலைமகள் ஆபீஸ்காரர்களோடு நிற்பாள். எங்கப்பா இதோ வந்துடுவாரு என்று சொல்லிக்கொண்டிருப்பாள்.

மரத்தடியில் முறுக்கு தின்றபடி ஆரம்பத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்த குணசுந்தரி எழுந்து வந்தாள். அவருடைய மீசையை முந்தானையால் துடைத்தாள். வீரனின் பழைய சைக்கிள் தண்ணீர் கேனோடு சற்றுத் தள்ளி நின்றது. அதற்குக் கேரியர் இருந்தது.

“அந்த கேன எறக்குபா” என்றாள்.

“நீ எதுக்கு?” என்றார் சம்பந்தம்.

“ஜல்தி ஏறுங்க. பொண்ணு நின்னுகினு இருக்கும்.”

அவள் பின்னால் உட்கார்ந்ததுதான் தாமதம், ஹேண்டில்பார் அடங்கிவிட்டது. வேர் வந்தது, ஏறி இறங்கினார். வாய்க்கால் வந்தது, தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போனார். மேட்டில் கியர் மாற்றத் திணறிக்கொண்டிருந்தவர்களை, அந்தச் சைக்கிளில் இருந்த பெல்லை அடித்து ஒதுங்கச் சொன்னார். வழியெல்லாம் கால் தரையில் படவில்லை. முனையில் கைதட்டினார்கள். “நான் சொன்னேன்ல?” என்று கலைமகள் எல்லாரிடமும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

வேனில் திரும்பும்போது குணசுந்தரி மெல்லக் கேட்டாள். “நாளைக்கு எந்தக் கடையில பாக்கலாம்?”

“கால் ஊனலியே.”

“ஊனலதான். மூணு தரம் படுத்தீங்க. பொண்ணுகிட்ட சொல்லட்டுமா?”

ஸ்கூட்டி வந்தது. சைக்கிள் காயலாங்கடைக்குப் போகவில்லை, குணசுந்தரியே வேண்டாமென்றுவிட்டாள். அது பாவு மூட்டையோடு வழக்கம்போல முள்ளிப்பட்டுக்குப் போய் வந்தது. அவள் பக்கத்துத் தெரு தேவிப்ரியாவிடம் ஸ்கூட்டி கற்றுக்கொண்டு தனியாகவே மார்க்கெட்டுக்குப் போய்வர ஆரம்பித்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் சம்பந்தம் வாசலில் நின்று சைக்கிளுக்கு எண்ணெய் போடுவார். போட்ட இடத்திலேயே மறுபடியும் போடுவார்.

ஒரு ஞாயிறு தெருமுனை வரை போன ஸ்கூட்டி திரும்பி வந்தது.

“இன்னா, பை மறந்துட்டியா?”

“இல்ல. பின்னாடி ஒண்ணும் இல்லாம வண்டி ஆடுது. ஏறுங்க.”

கேலியா நிஜமா என்று அவர் அவள் முகத்தைப் பார்த்தார். அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சம்பந்தம் கையைத் துடைத்துக்கொண்டு பின்னால் ஏறி, கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்.

“அசையாம உக்காருங்க” என்றாள் குணசுந்தரி.