போர்வையைத் தூக்கிய கை

மலை மேலே செம்மேட்டில் எங்கள் அலுவலகத்துக்குப் பின்னால் ஒரு சின்ன ஹால் இருக்கிறது. அங்கேதான் அந்தப் பயிற்சி நடந்தது. படுத்த படுக்கையாக இருப்பவர்களை வீடு தேடிப் போய்ப் பராமரிக்கும் பணியாளர்களுக்கான பயிற்சி. நான் அவர்களில் ஒருத்தி. கீழே சமவெளியிலிருந்து வந்திருந்த எங்கள் மேற்பார்வையாளர் வகுப்பெடுத்தார். அவர் முதுகுக்குப் பின்னால் பேனர்: 'மரியாதை, ரகசியம், அனைவரும் சமம்.' அந்தச் சொற்களைவிட அதில் அவருடைய படம் பெரிதாக இருந்தது.

ரகசியம் என்றால் என்னவென்று விளக்க அவர் ஓர் உதாரணம் சொன்னார். எடப்புளி நாட்டில் ஒரு பெண்ணாம்; மலையில் சில ஊர்கள் சேர்ந்ததை நாடு என்பார்கள். மார்பில் புண்ணாம். புருஷன் மளிகைக் கடை வைத்திருக்கிறானாம், வீடு கோயிலுக்கு எதிரிலாம். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "பேரு மட்டும் சொல்ல மாட்டேன். அதுதாங்க ரகசியம்" என்று சிரித்தார். ஹாலில் பாதிப் பேருக்கு அந்தப் பெண்ணைத் தெரியும். எனக்குப் பக்கத்தில் இருந்தவள் அவளுக்குச் சித்தி மகள். குனிந்தபடி நோட்டில் கோடு கோடாகக் கிழித்துக்கொண்டிருந்தாள். முடிந்ததும் எல்லோரும் கைதட்டினோம். நானும் தட்டினேன். மதியச் சாப்பாட்டில் கேசரி இருந்தது. அதையும் சாப்பிட்டேன்.

அப்போது நான் வாரம் இரண்டு முறை குண்டூர் நாட்டில் ஒருவர் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். நாற்பத்தைந்து வயதிருக்கும். மிளகு பறிக்க ஒற்றை மூங்கில் ஏணியில் ஏறியவர் விழுந்து முதுகுத்தண்டு போய்விட்டது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. சிறுநீருக்குக் குழாயும் பையும் வைத்திருந்தார்கள். குழாயை மாற்றுவதும் முதுகுப் புண்ணுக்கு மருந்து வைத்துக் கட்டுவதும் என் வேலை.

முதல் நாள் நான் கையுறையை மாட்டிக்கொண்டு நேராகப் போர்வையில் கை வைத்தேன். "ஏனுங்க சிஸ்டர், ஒரு நிமிசம்" என்றார். "தொடறதுக்கு முன்னால சொல்லிப்போட்டுத் தொடுங்க. கீழ தொட்டா எனக்குத் தெரியாதுங்க. அதனாலதான் சொல்றேன்."

இன்னொன்றும் கேட்டார். பையைப் பற்றி ஊரில் யாருக்கும் தெரியக் கூடாது. கால் வராது என்று எல்லோருக்கும் தெரியும், அது போதும். அவர் மனு எழுதுவதில் கெட்டிக்காரர். சாதிச் சான்று, பட்டா மாற்றம், ஓய்வூதியம் என்று எதற்கும் ஆட்கள் அவரைத் தேடி வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதி வாங்கிப் போவார்கள். அவர் மனைவி பழைய லுங்கியைக் கிழித்துப் பைக்கு ஓர் உறை தைத்துக் கட்டிலுக்கு அடியில் மாட்டியிருந்தார். மூன்று வருடமாக அப்படித்தான் காத்து வந்திருக்கிறார்கள். "நானாச்சுங்கண்ணா, யாருக்கும் தெரியாது" என்று வாக்குக் கொடுத்தேன்.

பயிற்சி முடிந்த அடுத்த வாரம் மேற்பார்வையாளருக்குக் களத்தைப் பார்க்கும் ஆசை வந்தது. ஜீப்பில் என்னையும் ஏற்றிக்கொண்டார். வழி நெடுக மலை மக்களைப் பற்றி அவர் கண்டுபிடித்து வைத்திருந்ததையெல்லாம் சொன்னார். "இவிங்களுக்கு வெக்கம் கூச்சமெல்லாம் கம்மிங்க சிஸ்டர். நம்ம பக்கம் மாதிரி இல்லீங்க." நானும் அடிவாரத்துக் குடியானவன் மகள்தான். அந்த 'நம்ம'வில் என்னைச் சேர்த்துக்கொண்டாரே என்று எனக்கு அருவருப்பாக இருந்தது. இருந்தும் 'உம்' கொட்டிக்கொண்டு வந்தேன்.

ஊர் முகப்பில் டீக்கடை. ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் ஜீப்பிலிருந்து தலையை நீட்டி, "ஏனுங்க, அந்த மூத்திரப் பை மாட்டின பேஷண்ட்டு ஊடு எதுங்க?" என்று கேட்டார். யாரைக் கேட்கிறார் என்று முதலில் அவர்களுக்குப் புரியவில்லை. பிறகு என்னைப் பார்த்தார்கள். நான் எந்த வீட்டுக்கு வருகிறவள் என்று அவர்களுக்குத் தெரியும், புரிந்துவிட்டது.

வீட்டுக்குள் ஷூவோடு போனார். கட்டிலில் இருந்தவரைப் பார்க்காமல் மனைவியைப் பார்த்துக் கேட்டார். "சாப்பிடறாராம்மா? வெளிக்கிப் போறாரா? நாம சொல்றதெல்லாம் இவருக்குப் புரியுமா?"

"காலு மட்டுந்தானுங்க போச்சு" என்றார் கட்டிலில் இருந்தவர்.

மேற்பார்வையாளர் அதைக் காதில் வாங்காமல் செல்போனை எடுத்தார். பின்வாங்கி, ஒரு கண்ணை மூடி, கோணம் பார்த்தார். கல்யாண வீட்டுப் போட்டோகிராபர் தோற்றார். "சிஸ்டர், நீங்க பக்கத்துல நில்லுங்க. அந்தப் போர்வையக் கொஞ்சம் தூக்குங்க. பை தெரியோணும், அப்பத்தான் நாம செய்யிற வேலை தெரியும்."

நான் தூக்கினேன்.

அதைப் பல விதமாகச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். அதிகாரி சொன்னார், வேலை போய்விடும், யோசிக்க நேரமில்லை. எல்லாம் பொய். யோசிக்க நேரம் இருந்தது. கட்டிலில் இருந்தவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. அவர் மேற்பார்வையாளரைப் பார்க்கவே இல்லை. படம் எடுத்து முடிக்கும்வரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜீப் செம்மேடு வந்து சேர்வதற்குள் அந்தப் படம் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஏறிவிட்டது. கும்பிடும் கை, ரோஜாப்பூ, 'சேவையே இறைவன்' என்ற வாசகம் எல்லாம் கூடவே. இப்படிச் சிலர் கடவுளோடு தோளில் கைபோட்டுக்கொள்வதைப் பார்த்தால் கடவுள் மேலேயே மரியாதை போய்விடுகிறது. சாயங்காலம் அது டீக்கடைக்காரரின் செல்போனுக்கும் வந்துவிட்டதாம்.

அடுத்த முறை குழாய் மாற்றப் போனபோது குண்டூர் நாட்டு அண்ணனின் மனைவி வாசலிலேயே நின்றார். "உங்களை வர வேண்டாம்னு சொல்லிட்டாருங்க."

"டியூப் மாத்தோணுமேங்க அக்கா."

"பிக்கப் வண்டி வெச்சு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போய்க்கறமுங்க." கதவைச் சாத்தும்போது கோபம்கூடக் காட்டவில்லை.

அலுவலகத்தில் சொன்னேன். "நல்லது செஞ்சா இப்படித்தான்" என்றார் மேற்பார்வையாளர். வருகைப் பதிவேட்டில் 'நோயாளி ஒத்துழைக்கவில்லை' என்று எழுதி என் பக்கம் தள்ளினார். கையெழுத்துப் போட்டேன். மறு வாரமும் அதையே எழுதித் தள்ளினார். அப்போது அந்த வரியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அதன் கீழே, 'நோயாளியைக் கேட்காமல் போர்வையை விலக்கியது நான். படமெடுத்துப் பரப்பியது மேற்பார்வையாளர்' என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

அவர் முகம் வெளுத்துப் போய்விட்டது. "உங்களுக்கு என்ன பைத்தியமா? பதிவேடுங்க இது!" என்றார். ஒரு மனிதனின் மானத்தை மலை முழுக்க அனுப்பியபோது யோசிக்காதவர், ஒரு பதிவேட்டில் இரண்டு வரி கூடியதும் அழிப்பான் தேடினார்.

அடுத்த நாள் சீருடைக் கோட்டுப் போடாமல், பஸ்ஸில், நானாகவே குண்டூர் நாட்டுக்குப் போனேன். அவர் மனைவி உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து கதவைத் திறந்துவிட்டார்.

"அண்ணா, நான் பண்ணினது தப்புங்க" என்றேன்.

"தப்புத்தானுங்க" என்றார். பரவாயில்லை என்று சொல்வார் என்று எதிர்பார்த்து நின்றேன். அவர் சொல்லவில்லை. "அந்தாளு மேல எனக்குக் கோவமே இல்லீங்க. அந்தாளு அப்படித்தான்னு ஷூவோட உள்ள வந்தப்பவே தெரிஞ்சு போச்சு. உங்களைத்தான் நான் வேற மாதிரி நினைச்சிருந்தேன்" என்றார்.

எனக்கு அழுகை வந்தது. "அழுவுறதுன்னா வெளிய போயி அழுங்க சிஸ்டர்" என்றார். "இப்ப எனக்கு ஒரு சாட்சி வேணும்."

தலையணைக்கு அடியிலிருந்து ஒரு மனுவை எடுத்தார். மேலதிகாரிக்கு எழுதியது, அவர் கைப்பட, அடித்தல் திருத்தல் இல்லாமல். டீக்கடையில் கேட்டது, ஷூவோடு வந்தது, மனைவியிடம் கேட்ட கேள்விகள், படம் எல்லாம் வரிசையாக இருந்தன. போர்வையைத் தூக்கியது யார் என்பதும் இருந்தது. படித்துவிட்டுச் சாட்சி என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.

விசாரணை வந்தது. மேலதிகாரியான அம்மா அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அவரிடமே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். எனக்கு எழுத்து மூலம் கண்டனம் வந்தது. அது நியாயம். குழுவிலிருந்து படத்தை நீக்கினார்கள். எத்தனை செல்போன்களில் இன்னும் இருக்கிறதோ தெரியாது. மேற்பார்வையாளரைக் கீழே சமவெளிக்கு மாற்றிவிட்டார்கள், பயிற்சிப் பிரிவுக்கு. இப்போது புதிதாகச் சேருகிறவர்களுக்கு மரியாதையைப் பற்றி அவர்தான் வகுப்பெடுக்கிறார். போய் வந்தவர்கள் நன்றாகப் பேசுகிறார் என்கிறார்கள். பேசுவார். அது ஒன்றுதான் அவருக்கு வரும்.

ஒரு மாதம் கழித்துக் குண்டூர் நாட்டு அண்ணனின் மனைவி போன் செய்தார். "வரச் சொல்றாருங்க. புண்ணு மறுபடியும் பெருசாயிருச்சு." போனேன். பழையபடி அவர் என்னிடம் வேடிக்கையாகப் பேசுவதில்லை. வேலைக்கு வேண்டியதை மட்டும் பேசுகிறார். அதற்கு மேல் கேட்க எனக்கு வாயில்லை.

ஊரில் இப்போது எல்லோருக்கும் பையைப் பற்றித் தெரியும். முதலில் ஆட்கள் வருவது குறைந்தது. பிறகு மனு எழுத வேறு ஆள் இல்லாததால் வந்தார்கள். போன வாரம் நான் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தபோது வாசலில் ஒரு பெரியம்மா சத்தம் கொடுத்தார். நான் வெளியே வந்து நின்றேன்.

"கொஞ்சம் இருங்கம்மா" என்றேன்.

"உள்ள என்ன கண்ணு பண்றீங்க? அந்தப் பையைத்தான் மாத்துறீங்களா?"

"அவரைக் கேட்டுட்டு வாரேன், உங்களை எப்ப வரச் சொல்றாருன்னு."

உள்ளே போய்க் கேட்டேன். "அரை மணி நேரம் ஆகுமுன்னு சொல்லுங்க" என்றார். சொல்லிவிட்டு வந்து கதவைச் சாத்தித் தாழ் போட்டேன்.