மிச்சச் சோறு நின்ற வாரம்

1957 ஜூனில் பெங்களூரில் ஃப்ளூ காய்ச்சல் வீடு வீடாகப் புகுந்தபோது, சந்திரம்மா பாத்திரம் தேய்த்துவந்த மாணவர் விடுதியைப் பூட்டிவிட்டார்கள். அங்கே மீந்த சோறுதான் அவள் வீட்டுச் சாப்பாடு. ஸ்ரீராம்புரத்து ஒற்றை அறையில் கணவன் முனிகிருஷ்ணன் கூலிக்குப் போக முடியாமல் காய்ச்சலில் கிடந்தான். அக்கம்பக்கத்தில் கேட்கலாமென்றால் சந்து முழுக்க அதே கதி. ஐந்தாம் நாள் காலையில் ராகி மாவும் தீர்ந்தது. மகள் சரளா பசித்து அழுவதையும் நிறுத்தியிருந்தாள். அதுதான் சந்திரம்மாவுக்குக் கிலியாக இருந்தது.

மழையில் நனைந்தபடியே மல்லேஸ்வரத்துக்கு, விடுதி வார்டன் கோவிந்தப்பா வீட்டுக்கு ஓடினாள். கொல்லைப்புறம் நின்று பலமுறை கூப்பிட்ட பிறகே ஜன்னல் திறந்தது. வார்டனின் மனைவி ருக்மிணி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ரெண்டு பேருக்கும் காய்ச்சல், சந்திரம்மா. சமையல்காரர் மூணு நாளா வரல. எங்க வீட்டுக்காரருக்கு ஒரு வாய் கஞ்சிகூட இல்ல."

"அரிசி இல்லையாம்மா?"

"டின் நிறைய இருக்கு. என்னால எழுந்து நிக்க முடியல."

"நான் வெச்சுத் தரேம்மா."

ருக்மிணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். விடுதியில்கூடச் சந்திரம்மாவைச் சமையலறைக்குள் விட்டதில்லை. அவள் சாதிக்கு எச்சில் பாத்திரம் மட்டும்தான்.

உள்ளேயிருந்து கோவிந்தப்பா இருமிக்கொண்டே சொன்னார்: "வரச் சொல்லு, ருக்மிணி."

கதவு திறந்தது. சந்திரம்மா படியேறவில்லை. கீழே நின்றபடியே சொன்னாள்.

"முதல்ல ஒரு சேர் அரிசி குடுங்கம்மா. எம் புள்ளைக்குக் கஞ்சி ஊத்திட்டு வந்துதான் உங்களுக்கு வைப்பேன்."

"திரும்பி வருவியா?"

"வருவேன்."

ருக்மிணி அவளையே பார்த்தாள். பிறகு டின்னைக் கை காட்டினாள்.

வீட்டில் காய்ச்சிய கஞ்சியில் முதல் இரண்டு கரண்டியும் சரளாவின் கடைவாயில் வழிந்தன. மூன்றாவதை விழுங்கினாள். சந்திரம்மா கணவனிடம் சட்டியைக் கொடுத்துவிட்டு மீண்டும் வார்டன் வீட்டுக்கு ஓடினாள்.

ஒன்பது நாள் அந்த அடுப்பில் சமைத்தாள். இரண்டு வீட்டிலும் எல்லோரும் எழுந்து நடமாடினார்கள். சமையல்காரர் திரும்பிய அன்று, அவள் கண்ணெதிரிலேயே சமையலறையைக் கழுவி மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். சந்திரம்மா திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தாள்.

விடுதி திறந்ததும் நேராக வார்டனிடம் போனாள்.

"மீந்த சோறு வேணாங்கய்யா. மாசாமாசம் அரிசியாக் குடுங்க. மறுபடி பூட்டினா நாங்க எங்க போறது?"

கோவிந்தப்பாவால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "சரிம்மா," என்றார்.