எனக்கு வரும் பத்தி

ஏழாம் வகுப்பு அரையாண்டு வரைக்கும் எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. என் தோழி ஒருத்தியைத் தவிர இது வகுப்பில் யாருக்கும் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொள்வதுதான் நான் பள்ளிக்கூடத்தில் செய்த முழுநேர வேலை.

எழுத்துகள் தெரியும். தனித்தனியாக நின்றால் பேர் சொல்லிவிடுவேன். நாலைந்து ஒன்றாகச் சேர்ந்து நின்றால் வாயடைத்துப்போகும். குமராட்சிப் பக்கத்தில் எங்கள் ஊர்ப் பள்ளியில் இங்கிலீஷ் என்றால் பாட்டுதான், கையைத் தட்டிப் பாடினால் போதும். அதற்கப்புறம் அம்மா நடவு வேலையை விட்டுவிட்டு நடையாய் நடந்து, சிதம்பரத்தில் பெண்கள் பள்ளியின் இங்கிலீஷ் மீடியம் பிரிவில் என்னைச் சேர்த்தாள். அப்பாவுக்குச் செம்மங்குப்பத்தில் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை. ஞாயிற்றுக்கிழமைதான் ஊருக்கு வருவார். வந்ததும் டீக்கடைக்குப் போய், "எம் பொண்ணு இங்கிலீஷ் மீடியம்" என்று சொல்லிவிட்டுத்தான் டீயே கேட்பார்.

இங்கிலீஷ் டீச்சர் ஒரு சட்டம் வைத்திருந்தார். வாசிக்கத் தெரியாதவள் பக்கத்து அறைக்கு, அதாவது தமிழ் மீடியத்துக்குப் போய்விட வேண்டும். ஏற்கெனவே இரண்டு பேர் பையைத் தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள். பக்கத்து அறை ஒன்றும் மோசமில்லை, சிரிப்புச் சத்தம் அங்கேதான் அதிகம். ஆனால் துரத்தப்பட்டுப் போவது வேறு. அதற்கப்புறம் அப்பா எந்த முகத்தோடு அந்த டீக்கடைக்குப் போவார்?

வாசிப்பு பெஞ்சு வரிசைப்படி நடக்கும், ஆளுக்கு ஒரு பத்தி. மினி பஸ்ஸிலிருந்து இறங்கி வகுப்புக்குள் நுழைந்ததும் முதல் வேலையாகத் தலைகளை எண்ணுவேன். நேற்று எங்கே விட்டது, இன்றைக்கு யார் வரவில்லை, எனக்கு எந்தப் பத்தி வரும் என்று கணக்குப் போட்டுவிட்டுத் தோழியிடம் ஓடுவேன். அவள் கிள்ளையிலிருந்து வருகிறவள். நர்சரிப் பள்ளியில் படித்தவள் என்பதால் மடமடவென்று வாசிப்பாள். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று என் பத்தியை இரண்டு தடவை வாசித்துக் காட்டுவாள். எனக்கு அது போதும். முறை வரும்போது புத்தகத்தைப் பிடித்து, கண்ணை வரிகள் மேல் ஓட்டிக்கொண்டே ஒப்பித்துவிடுவேன். நடுவில் ஓரிடத்தில் வேண்டுமென்றே திக்குவேன். அது என் சொந்த யோசனை, அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

பரீட்சையும் அப்படித்தான். கேள்வியின் முதல் இரண்டு சொற்களை உருவத்தை வைத்தே அடையாளம் கண்டு, நோட்டில் இருந்த பதிலை அச்சு மாறாமல் இறக்கிவைப்பேன். அதுவே வினையாயிற்று. அரையாண்டுத் தாள் கொடுத்த வெள்ளிக்கிழமை என் மார்க் தோழியுடையதைவிட ஜாஸ்தி. டீச்சர் என்னைக் காட்டி அவளிடம், "அவளப் பாத்துக் கத்துக்க" என்று சொல்லிவிட்டார்.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில், "இனிமே எங்கிட்டப் பேசாத" என்றாள்.

"போடி, நானா மார்க் போட்டேன்?" என்றேன். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும், இன்றைக்கும்.

திங்கட்கிழமை வாசிப்பு. நல்லவேளையாக, சண்டைக்கு முன்னால் வெள்ளிக்கிழமை காலையிலேயே என் பத்தியை அவள் சொல்லிக் கொடுத்திருந்தாள். அன்றைக்குத் தாள் கொடுத்ததில் வாசிப்பு நடக்கவில்லை. அதனால் பத்தி என்னிடம் பத்திரமாக இருந்தது. தலைகளை இரண்டு தடவை எண்ணிப் பார்த்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமை போலவே எல்லோரும் வந்திருந்தார்கள். வரிசையில் எனக்கு முன்னால் அவள், அதே பெஞ்சில், முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

டீச்சர் மேஜையில் வேறு வகுப்புத் தாள்களைத் திருத்திக்கொண்டே "நெக்ஸ்ட், நெக்ஸ்ட்" என்றார். அவள் எழுந்து தன் பத்தியை வாசித்தாள். முடிந்தும் உட்காரவில்லை. மேலே வாசித்துக்கொண்டே போனாள். இரண்டு வார்த்தை கேட்டதும் எனக்குப் புரிந்துவிட்டது, அது என்னுடைய பத்தி. அவள் சட்டையைப் பிடித்து இழுத்தேன். கையைத் தட்டிவிட்டு, இன்னும் மெதுவாக, நீட்டி நீட்டி வாசித்தாள். பழிவாங்குகிறாள் என்று நினைத்தேன். அவளைக் கிள்ளி எடுத்துவிட வேண்டும்போல இருந்தது. அழுகையும் வந்தது.

"போதும். நெக்ஸ்ட்" என்றார் டீச்சர்.

எழுந்தேன். என்னிடம் இருந்ததே அந்த ஒரு பத்திதான். வாயைத் திறந்தேன், அதுவே வந்தது. அவள் இப்போதுதான் முடித்த பத்தியை முதல் சொல்லிலிருந்து திரும்ப ஒப்பித்தேன். திக்க வேண்டிய இடத்தில் திக்கவும் செய்தேன்.

பின் பெஞ்சில் ஒருத்தி, "அரச்ச மாவையே அரைக்கிறாடி" என்றாள். வகுப்பே சிரித்தது. டீச்சர் பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்து வந்தார். அடுத்த பத்தியில் விரலை வைத்தார்.

"இதப் படி."

எழுத்துகள் கூட்டமாய் நின்றன, ஒன்றும் வாசிக்க வரவில்லை.

"யாரு ஒனக்குச் சொல்லிக்குடுத்தது?"

பக்கத்தில் அவள் எழுந்தாள்.

"நான்தான் டீச்சர். இன்னிக்கி மணி அடிக்கிற வரைக்கும் நானே படிச்சி இழுத்துறலாம்னு பாத்தேன். வெள்ளிக்கெழம சொல்லிக்குடுத்தது இவளுக்கு மறந்திருக்கும்னு நெனச்சேன்."

என் கோபம் போன இடம் தெரியவில்லை. அவள் பக்கம் திரும்பக்கூட எனக்குத் தைரியம் இல்லை.

"நாளைக்கி அம்மாவக் கூட்டியா. படிக்கத் தெரியாதவ பக்கத்து ரூமுக்குப் போயிடு" என்றார் டீச்சர்.

"போமாட்டேன் டீச்சர்."

அது என் குரல்தான். சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது. "தெரிஞ்சா நான் எதுக்கு டீச்சர் இங்க வரேன்? தெரியலன்னுதான வரேன்."

அறை விழும் என்று கன்னத்தை இறுக்கிக்கொண்டேன். அவர் நாற்காலியை இழுத்து எங்கள் பெஞ்சுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"சரி, இந்த ஒரு வரியப் படி. படிச்சா இங்க இரு. இல்லன்னா நாளைக்கி அந்த ரூம். யாரும் சொல்லிக்குடுக்கக் கூடாது."

முதல் சொல் தெரிந்ததுதான். இரண்டாவதில் நின்றுவிட்டேன். பழக்கத்தில் தோழியைப் பார்த்தேன். அவள் உதட்டைக் கையால் பொத்திக்கொண்டு, தலையை மட்டும் ஆட்டினாள், படி என்று. எழுத்தெழுத்தாகச் சேர்த்தேன். "ஃபா... ஃபார்... ஃபார்மர்." யாரோ சிரித்தார்கள். டீச்சர் அசையவில்லை. அடுத்த சொல்லைத் தப்பாகச் சொன்னேன், திரும்பப் போனேன், சரியாக வந்தது. கடைசிச் சொல் மூன்று தடவை என்னென்னவோ ஆகி, நாலாவதில்தான் "மார்க்கெட்" ஆனது.

விவசாயி மாட்டைச் சந்தைக்கு ஓட்டிக்கொண்டு போனான். அவ்வளவுதான் அந்த வரி. அதுவரை நான் ஒப்பித்த எந்த வரியிலும் யாரும் எங்கேயும் போனதில்லை, வெறும் சத்தம்தான் இருந்தது.

"ம். ஒக்காரு" என்றார் டீச்சர்.

நான் உட்காரவில்லை. அந்த மாட்டை விற்றுவிட்டானா இல்லையா என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. அடுத்த வரியில் விரலை வைத்தேன்.